வெந்தயம் போட்டு அரைத்த அட்டைகள்

என் ஜைனப் அக்காவுக்கு,

நீங்கள் காலமான நாற்பதாம் நாள் ஓதிய பாத்திஹாவுக்கு உங்கள் வீட்டு வாசல் வரை வந்து, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றேன். உங்கள் மருமகள் பார்த்துவிட்டு, "ஏனுங்க சின்னம்மா, வாசல்லயே நின்னுட்டீங்க?" என்றாள். சின்னம்மா என்ற அந்த ஒரு சொல்லில் உடைந்துபோய்விட்டேன். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே?

சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. என் மகளுக்குக் காங்கேயத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் ஆலையில் வேலை, வளவளவென்று பேசாத மனிதர். பெண் பார்க்க வந்தபோது சம்பந்தியம்மா என் அடுக்களையில் இருந்த காகிதக் கூடையைத் தூக்கிப் பார்த்து, "கெட்டியா இருக்குதுங்களே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். "எங்க அக்கா செஞ்சதுங்க" என்றேன். அதில் என்ன அரைத்திருக்கிறது என்று சொல்லவில்லை.

இன்று சொல்லப் போகிறேன், அக்கா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது என் முழங்கைக்கு மேலே வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. ஊசியால் குத்தினாலும் உறைக்கவில்லை. டாக்டர் தொழுநோய் என்றார், மாத்திரையில் குணமாகும் என்றும் சொன்னார். முதல் சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அட்டை எழுதுகிற மேசையில் நீங்கள் இருந்தீர்கள். என் பெயரை எனக்கே கேட்காத குரலில் கேட்டு எழுதிக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, "சளிக்கு மாத்திரை தர்றனுங்க, விடாம சாப்பிடோணும்" என்றீர்கள். மூன்று வருஷம் எனக்குச் சளி! உலகத்திலேயே நீளமான சளி எனக்குத்தான் பிடித்திருந்தது.

அந்தக் கடலைப் பொட்டலம் நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டீர்கள். ஆஸ்பத்திரி மேனேஜர் பழைய காகிதங்களை எடைக்குப் போட்டார். அதில் ஒரு தாள், பனியன் கம்பெனி கேட்டுக்கு எதிரே கடலை விற்பவரிடம் போய்ப் பொட்டலமானது. தின்று முடித்தவன் சும்மா இருக்காமல் பிரித்துப் படித்தான். பெயர், ஊர், நோய், எல்லாம் உங்கள் முத்து முத்தான கையெழுத்தில். அந்தத் தாளில் பெயர் இருந்த பெண்ணை மறுநாள் கம்பெனிக்குள் விடவில்லை. தெருக்காரர்கள் குழாயடிக்கும் விடவில்லை. அவள் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். "நான் இவ்வளவு தெளிவா எழுதியிருக்கக் கூடாதுங்க" என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். யார் செய்த தப்புக்கு யார் அழுவது?

பிறகு ஆஸ்பத்திரியை மூடினார்கள். குணமானவர்களின் அட்டைகளை என்ன செய்வதென்று டாக்டர் உங்களிடமே விட்டுவிட்டுப் போனார். மேனேஜர் மறுபடியும் எடைக்குப் போடலாம் என்றார். அதற்குள் எங்கள் கம்பெனி மேஸ்திரிக்கு மூக்கு வியர்த்துவிட்டது. "எங்க ஆளுங்க பேரு இருக்குதான்னு ஒருக்கா பாத்துட்டுத் தந்தர்றனுங்க" என்று பெட்டியைக் கேட்டு வந்தார். "நாலு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டு, எனக்கு ஆள் விட்டீர்கள். நான் அதே மேஸ்திரிக்குக் கீழே பனியன்களில் நூல் பிசிறு வெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஆறு வயது. அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் உலை இல்லை.

நான் வருவதற்குள் நீங்கள் ஓர் அட்டையை எரித்துப் பார்த்திருந்தீர்கள். கருகிய பிறகும் எழுத்து பளபளவென்று தெரிந்தது. உங்கள் தம்பி வேலை பார்த்த வீரபாண்டி சலவைப் பட்டறையில் இன்னொன்றை வெளுக்கப் போட்டீர்கள். மை போய்விட்டது. காயவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நிப்பு அழுத்திய தடத்தில் பாதிப் பெயரைப் படிக்க முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் இது போதும் என்று விட்டிருப்பார்கள். நீங்கள் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் படிக்கறனே, அப்ப இன்னொருத்தரும் படிப்பாங்க" என்றீர்கள். இவ்வளவு பிடிவாதக்காரி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் உங்கள் வீட்டு அண்டாவே கைகொடுத்தது. நூற்றுச் சொச்சம் அட்டைகளையும் கிழித்து மூன்று நாள் ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து, கூடை செய்ய அரைப்பதுபோல ஆட்டுக்கல்லில் அரைத்தோம். கிழிக்கும்போது என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, அட்டைகளைக் குப்புறப் போட்டு நீங்களே கிழித்தீர்கள். என்னுடையதை மட்டும் நானே கிழிக்கட்டும் என்று என் கையில் கொடுத்தீர்கள். நாற்பத்தொன்று என்று மூலையில் எண் இருந்தது. "மறுபடி எங்காச்சும் திட்டு வந்தா டாக்டர்கிட்டக் காட்டு" என்று, என்ன மாத்திரை, எத்தனை மாதம் என்று பெயர் போடாத துண்டுச் சீட்டு ஒன்றும் தந்தீர்கள். எல்லோருக்கும் அப்படி ஒன்று எழுதி, வீடு தேடிப் போய்க் கொடுத்திருந்தீர்கள்.

நாலாம் நாள் காலை மேஸ்திரி சொன்னபடி வந்துவிட்டார். வாசலில் அவர் குரல் கேட்டதும் எனக்குக் கை நின்றுவிட்டது. அவர் என்னை அங்கே பார்த்தால் போதும், அட்டையே தேவையில்லை. நீங்கள் உங்கள் தலையிலிருந்த துப்பட்டியை எடுத்து என் தலையில் போட்டு முகத்தை மறைத்துவிட்டு, சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக்கொண்டு எழுந்தீர்கள்.

"பெட்டிங்களா? இதானுங்க" என்று காலிப் பெட்டியைக் காட்டினீர்கள். "உள்ள இருந்ததைத்தான் ஆட்டிட்டிருக்கறமுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "யாருங்க அது?"

"என்ற தங்கச்சிங்க."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அவர் கூழைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், "என்னமோ போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குழவியை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். அரைத்தது போதும் என்று நீங்கள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் கூழில் நீங்கள் செய்து கொடுத்த கூடைதான் என் அடுக்களையில் இருப்பது. அக்கா, என் ஆயுசில் அவ்வளவு துணிச்சலான மனுஷியை நான் பார்த்ததில்லை. இதை உங்கள் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன வாரம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வெயில் கொளுத்தும்போதும் முழுக்கை ரவிக்கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாதா? தனியே கூப்பிட்டு, "பயப்படாத கண்ணு, மாத்திரையிலயே குணமாயிரும்" என்றேன். அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்றாள். வாய் வரை வந்தது, முழுங்கிவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை.

அதிலிருந்து சோறு இறங்கவில்லை. என் பெயரை யாரும் படித்துவிடக் கூடாது என்று அவ்வளவு பாடுபட்டீர்கள். ஆனால் நானும் சொல்லக் கூடாது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லையே? மகளிடமும் மாப்பிள்ளையிடமும் சொன்னேன். மாப்பிள்ளை, "அந்தப் புள்ள படிக்கற மாதிரி எழுதுங்க அத்தை" என்றார். மகள், "எழுதும்மா, ஆனா என்ற பேரைப் போட்றாத" என்றாள். போடவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கூடையில் இருக்கிற மற்ற நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர் பெயரும் என் வாயிலிருந்து வராது. நாளைக் காலை இந்தத் தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போகிறேன். எப்படித் தெரியும் என்று அவள் மறுபடி கேட்டால், கீழே இருப்பதைப் படிக்கச் சொல்வேன்.

நாற்பத்தோராம் அட்டைக்காரி,
குணமாகிப் பதினைந்து வருஷம் ஆன
உங்கள் தங்கச்சி ருக்மணி