ஆட்டம் நிற்காத சில்லு

குஞ்சு,

உடைந்து பறந்து உன்னைக் கொன்ற ஃபான் சில்லை, அந்த இரும்புச் சக்கரத்தை, நீயே சரிபார்த்துக் கையெழுத்து வைத்ததாக நீ வேலை செய்த வெக்ஸ்போர்ட் கம்பனி சொல்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், அதே கம்பனியில் உன் மெஷினையே கேட்டு வாங்கிப் பழகினேன். சில்லைச் சுழலவிட்டு, பாரம் குறைந்த பக்கத்தில் இரும்புத் துண்டு பூட்டி, ஆட்டம் நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

புதிதாக வந்த இரண்டு பெண்களுக்கும் இப்போது நான்தான் வேலை பழக்குகிறேன்.

இன்று சூப்பர்வைசர் வினோதன் வந்து, "அன்ரி, ட்ரக் வெளியில நிக்குது. உந்தச் சின்ன ஆட்டத்தைப் பாக்காதேங்கோ, கையெழுத்தை வையுங்கோ" என்றான்.

"ஆட்டம் நிக்காமல் வைக்கமாட்டன். அவசரமெண்டா நீர் வையும்."

பேனையை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இருவரும் தங்கள் மெஷினை நிற்பாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

அன்று நீ கையெழுத்து வைத்தபோது உன் பக்கத்தில் யாராவது நின்றார்களா, குஞ்சு?

அம்மா