செம்பியன் வீட்டுத் தெரு

குடிகாடு
12.6.2009

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, கோபம்தான் குறையவில்லை. செம்பியனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாக நீ சொன்ன நாளிலிருந்து, சாமி வேற சனம் வேற, அந்தப் பேச்சே வேணாம் என்று ஒரே பிடியாக இருந்தார். எனக்கோ அந்தப் பிள்ளை வளர்ந்த இடத்தைப் பார்க்காமல் மனசு ஆறவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை, கடலூரில் துணி எடுக்கப் போறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தவிர அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. வெளியூர்க்காரர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள், எனக்குத் தெருவே போதுமாக இருந்தது. கீழ வீதியில் தேரை மூடியிருந்த தகரத்தைத் திருவிழாவுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், ஆள் உயரச் சக்கரத்தின் நிழலில் ஒரு ஆடு குட்டிகளோடு படுத்திருந்தது, யாரும் விரட்டவில்லை. முன்குடுமி வைத்த தீட்சிதர் ஒருவர் மொபெட்டில் வந்து செல்போனுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டு போனார். பூக்கார அம்மா வாழைநாரை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள், ஏன் என்று கேட்டேன், காஞ்சா அறுந்துபூடும்மா என்றாள்.

வடக்கு வீதிக்குப் பின்னால் சந்தில் செம்பியன் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவன் அம்மா ஞானாம்பாள் தையல் தைப்பதாக நீ சொல்லியிருந்தாயே, அதனால் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க வந்தவள் போல உள்ளே போனேன். அந்தம்மா புடவையை விரித்து அளந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தார். தாடையில மச்சம், போட்டோவுல அனுவுக்கும் அதே எடத்துலதான், நீங்க அவுங்க அம்மாதானே என்று கேட்டுவிட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவரோ என் கையைப் பிடித்து உட்கார வைத்து, நானும் போன மாசம் ஒங்க ஊருக்கு வந்தேம்மா, வூட்டுக்கு வர்ற தைரியம் வரல, கொழாயடியில கொடத்துக்குக் கொடம் பேரு எழுதியிருக்கே, அதுல அந்தோணிசாமின்னு ஒரு பச்சக் கொடம் இருந்துச்சு, அதத் தொட்டுட்டுத் திரும்பிட்டேன் என்றார். அப்பா பெயர் போட்ட நம் வீட்டுக் குடம்தான் அது, அனு. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பயமா இருந்துச்சா என்று கேட்டேன். ஒங்களுக்கு இல்லியா என்று அவர் கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் காபி குடித்தோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள் முழுக்கத் தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார். நேற்று சாப்பிடும்போது, அவுங்க வூட்ல எத்தன பேரு என்று கேட்டார். மோர் ஊற்றும்போது, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி போய்ப் பாத்துட்டு வருவம், சும்மா பாக்கத்தான் என்றார். சம்மதம் என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளைச் சட்டையை இன்றைக்கே தேய்த்து மாட்டிவிட்டார்.

மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி டியூட்டி முடிந்தால் தூங்கு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, போனில் இதை நீயாகக் கேட்காதே. அப்பாவே உன்னிடம் சொல்லட்டும்.

உன் அம்மா
சவரியம்மாள்