முதுகு திறந்த வெள்ளை அங்கி

அன்பு மகள் பிளஸ்ஸிக்கு அம்மா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சத்யப்பிரியாவும் அந்தப் பாரிஸ் குளிரில் இருமாமல் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சேத்தூரில் யாருக்காவது கல்யாணம் என்றால் மட்டும் கால் தானாக நடந்துவிடுகிறது. நம் சர்ச்சில் அசன விருந்து நல்லபடி முடிந்தது. சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று அப்பா மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொன்னார். போனில் பேசாமல் அம்மா ஏன் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய், உடனே மேனேஜர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுவாய். இதைக் கடைசி வரி வரைக்கும் படி, அவளையும் படிக்கச் சொல்.

நீங்கள் ரெண்டு பேரும் சென்னை காலேஜில் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பாட்டுப் போட்டபோது, மாவு மில் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தவள் நான். உங்கள் பாட்டுக் குழுவுக்கு 'வெள்ளாவி' என்று பேர் வைத்தபோது, இதைவிட நல்ல பேர் கிடைக்கவில்லையா என்று கேட்டவளும் நான்தான். இன்றைக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பிள்ளை போனிலும் அந்த மாவு மில்தான் ஓடுகிறது. பெரிய பெரிய துணிக் கம்பெனிக்காரர்கள் உங்களை முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள், பத்திரிகை அட்டையில் படம் போடுகிறார்கள். எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவ்வளவும் எந்த உடுப்பைப் போட்டதால் வந்தது என்று நினைக்கும்போது அந்தப் பெருமை நிற்கமாட்டேன் என்கிறது.

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, என் தையல் கடை பீரோவின் அடித்தட்டில் இருந்த ரெண்டு வெள்ளை அங்கிகளை என்னைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு, பேண்டேஜ் துணி காயப்போடும் களத்தில் போய் ஆடிப் பாடி வீடியோ எடுத்து, அப்படியே பாரிஸுக்கும் கொண்டுபோய்விட்டீர்கள். வீடியோ வந்த பிறகுதான் எனக்கே தெரியும். அது அடக்கத்துக்குத் தைத்தது என்று அன்றைக்கே போன் போட்டுச் சொன்னேன். முதுகைத் திறந்துவிட்டு நாடா வைப்பது அழகுக்கு இல்லை, படுத்திருக்கிற உடம்பின் கையைத் தூக்காமல் மாட்டுவதற்கு. அதில் பை கிடையாது. தையல் முடிகிற இடத்தில் நூலுக்கு முடிச்சும் போடமாட்டேன், போகிற ஆத்துமாவை எதுவும் பிடித்துவைக்கக் கூடாது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு அளவெடுத்து அதைத் தைப்பதே இல்லை. நீ கேட்டாயா? சும்மா இரும்மா, இதுக்குத்தான் இங்க கிறுக்குப் பிடிச்சு அலையுதாங்க என்றாய். போதாதற்கு ஒரு பேட்டியிலும் சொல்லிவிட்டாய். அங்கே ஒரு துணிக் கம்பெனிக்காரருக்கு அது இன்னும் பிடித்துப்போய், அதே மாதிரி வரிசையாக வெட்டித் தைத்து, வருகிற மாதம் பெரிய ஃபேஷன் ஷோவில் உங்கள் பாட்டுக்கு எல்லாரையும் நடக்கவிடப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த ரெண்டையும் தைக்கச் சொன்னது யார் என்று நீ கேட்கவில்லை, அன்றைக்கு அது பெரிய விஷயமாக எனக்கும் படவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆள் கடைக்கு வந்தார். தேவதானம் பக்கம் என்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஹெல்மெட். ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளுக்கு வேண்டும் என்றார். முகத்தில் அழுத தடமே இல்லை, சிலருக்கு அழுகை பிறகுதான் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அளவுக்கு ரெண்டு வெள்ளை நூல் கொடுத்தார், தோளுக்கு, கைக்கு, உயரத்துக்கு என்று ஒவ்வொன்றிலும் முடிச்சுப் போட்டிருந்தது. மறுநாளே அடக்கம் இருக்கும் என்று வேறு வேலையை ஒதுக்கிவிட்டுத் தைத்தேன். ஆள் வரவேயில்லை. தேவதானத்தில் விசாரித்தால் அந்த ஊரில் அப்படி ஒரு சாவே விழவில்லை என்றார்கள்.

போன வாரம் நல்ல மத்தியான வெயிலில் அவர் வந்தார் பிளஸ்ஸி. அதே சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்த ரெண்டு உருப்படி என்னாச்சுக்கா என்றார். கை தவறிப்போய்விட்டது, நூல் என்னிடம்தான் இருக்கிறது, புதுசாகத் தைத்துத் தருகிறேன் என்று சமாளித்தேன். அதுக்கு அவர், "எதுக்குக்கா, அளவு கச்சிதமா இருக்கே, பிள்ளைய ரெண்டும் போட்டுப் பாத்துட்டாவளே. அந்தப் பெரிய ஷோவுல இன்னொருக்க போடட்டும், பொறவு நானே அங்கன போயிக் கூட்டிக்கிடுதேன்" என்றார். உடுப்பை வாங்கிக்கிடுதேன் என்று சொல்லவில்லை, கூட்டிக்கிடுதேன் என்றார். வண்டியை எடுக்கப் போனவரை வாசலில் மறித்து, வேறு ரெண்டு தந்தால் ஆகாதா என்று கேட்டேன். அதற்கு அவர், "ரெண்டு இருந்தாச் சரிதான். ஆனா உசுரோட இருக்கவிய அளவா இருக்கணும். ஷோவுக்கு முந்தி வாரேன்" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

அவர் போனதும் உன் பழைய சுடிதாரை எடுத்து அந்த நூலை வைத்துப் பார்த்தேன். தோள் முடிச்சு தோளில் நின்றது, கை முடிச்சு கையில் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டு, சத்யப்பிரியாவின் பழைய சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வா என்று அவள் அம்மா பொன்மணியைக் கூப்பிட்டேன். பால்கோவாவோடு சிரித்துக்கொண்டுதான் வந்தாள். இன்னொரு நூலை அவளே வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு பால்கோவாப் பெட்டியை நாங்கள் பிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் எழுந்து நின்று ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு, "ஏட்டி ஞானம், டேப்பை எடு" என்றாள். உங்களில் இந்தப் பழக்கம் கிடையாதே என்றேன். "எங்கள்ல எரிப்போம், அதனால என்ன, பிள்ளை பிள்ளைதான. கொஞ்சம் லூசாத் தை, எனக்கு மூச்சு முட்டும்" என்றாள். பிறகு எனக்கு அவள் அளவெடுத்தாள். அளவு பிசகவில்லை.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, நீ சொல்லிவிடாதே. உடனே டிக்கெட் போட்டு ஓடி வரவும் வேண்டாம், நீங்கள் இங்கே வந்து நின்றால் அந்த ஆள் மனசு மாறிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஷோவுக்குப் போங்கள், நன்றாகப் பாடுங்கள். கம்பெனிக்காரர் புதிதாகத் தைத்ததைப் போட்டுக்கொள்ளுங்கள், அது யாருடைய அளவும் இல்லை. நான் தைத்த அந்த ரெண்டை மட்டும் இனி தொட்டு மாட்டாதீர்கள். எவ்வளவு கெஞ்சினாலும், எந்த ஒப்பந்தத்தைக் காட்டினாலும் மாட்டாதீர்கள். உங்களைச் சுமந்த ரெண்டு பேர் கேட்கிறோம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். சத்யப்பிரியாவை உன் கூடப்பிறந்தவளாக வைத்துக்கொள், அவள் குலசாமியும் உங்கள் ரெண்டு பேருக்கும் துணை நிற்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்தப் பழைய அங்கிகளின் தையல் முடிகிற இடத்தில் நூலை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டு மடித்து வை. எங்களுடையது ரெண்டும் தைத்து முடித்தாயிற்று, கடையில் மாட்டியிருக்கிறேன். பொன்மணியுடையதில் கை சற்று நீளமாகிவிட்டது. பிரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அவளுக்குக் குளிர் ஆகாது.

உன் அம்மா,
ஞானபாக்கியம்
ராஜபாளையம்