வெந்நீர் என்று நீ சொன்ன தண்ணீர்

அக்கா,

கைக்குழந்தையான என் பேரனுக்கு வெந்நீர் போட ஒரு ஹீட்டர் வாங்கலாம் என்று இன்று மவுண்ட் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். "ரூமுக்கா, தண்ணிக்கா சார்?" என்று கேட்டுக்கொண்டே, நான் பதில் சொல்வதற்குள் கடைக்காரர் ஒன்றைச் சொருகிக் காட்டினார். கம்பி சிவந்தது, மேலே படிந்திருந்த தூசி கருகி ஒரு வாசனை வந்தது. அவ்வளவுதான், அங்கே நிற்க முடியவில்லை. வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

உனக்கு ஹீட்டர் வாங்கித் தந்தேனே, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம் அது. நான் ஆவடி ராணுவ முகாமில் குமாஸ்தா. கரையான்சாவடியில் நம் வீட்டுக்குக் கரண்ட் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. உனக்கோ மூச்சு இழுப்பு. வெந்நீரில்தான் குளிக்க வேண்டும், விறகுப் புகை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புகையில்லாமல் வெந்நீருக்கு எங்கே போவது? "ஹீட்டர் வாங்கித் தரேன், கவலைய வுடு" என்று வீறாப்பாகச் சொன்னவன் நான்தான்.

சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு துரை எங்கள் ஆபீஸ் வாசலில் தன் சாமான்களை வைத்து விற்றார். அங்கே இரண்டு ஹீட்டர்கள் இருந்தன. ஒன்று தண்ணீர் காய்ச்சும் மின்சார அண்டா. நசுங்கிக் கறுத்துக் கிடந்தது. இன்னொன்று அறையில் வைத்துக் குளிர்காய்வது. அதன் செம்புத் தட்டு பளபளவென்று மின்னியது. துரையின் பட்லர் தெளிவாகத்தான் சொன்னான்: "குளிக்கிறதுக்குன்னா அண்டாவ எட்த்துக்கினு போ சார். மெட்ராஸ்ல இத்த வச்சிக்கினு இன்னா செய்வே?"

கேட்டேனா? தெருவே வந்து வாயைப் பிளக்கும் என்ற ஆசை எனக்கு. பளபளப்பானதை எடுத்து வந்து, அதன் முன்னால் தவலையை வைத்து, "தண்ணியும் காயும்க்கா" என்று வாய் கூசாமல் சொன்னேன். வெட்கங்கெட்டவன்.

மறுநாள் நீ குளித்துவிட்டு வந்தபோது உன் உதடு நீலம் பாரித்திருந்தது. "நல்லா சூடா கீதுடா நைனா. இனிமே எனக்கு இன்னா கொறை?" என்றாய். நீ தலை துவட்டப் போனதும் தவலையில் மிச்சமிருந்த தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

அன்றே ஓடிப்போய் மாற்றியிருக்கலாம். அந்த அண்டா இன்னும் பத்து நாள் விலைபோகாமல் கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீசுக்குள் போனேன். தெருவில் சிரிப்பார்களே என்று இருந்துவிட்டேன். மார்கழி முழுக்க நீ அந்தத் தண்ணீரில் குளித்தாய். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் நெஞ்சடைத்துப் போய்விட்டாய். நோய் முற்றிவிட்டது என்றார் டாக்டர். அவரிடம் தண்ணீரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்: "உங்கக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சுப்பா. 'தண்ணி காயலேன்னு எந்தம்பிகிட்ட சொல்லிடாதே. ஆசையா வாங்கியாந்த புள்ள, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிபூடும்'னு."

யாரிடமும் இறக்கிவைக்க முடியாமல் நான் சுமப்பது இதைத்தான். எனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டே போய்விட்டாய். எனக்கு முதல் நாளே தெரியும், அக்கா.