குழுவுக்கு ஐந்தாவது ஆள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை உங்கள் மகள் படலையைத் திறந்தபோது தைலம் மணத்தது. நீங்கள்தான் என்று நினைத்து, குசினிக்குள் நின்றபடியே, "அக்கா, கதிரையில இருங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவள் விறாந்தையில் வந்து இருந்தாள். தலையிடியாம். உங்கள் போத்தலில் மிச்சமிருந்ததைப் பூசியிருக்கிறாள்.

வந்த விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள். "சின்னம்மா, அம்மாவின்ர இடத்துக்கு என்னைக் குழுவில சேருங்கோ." துறைமுகத்தடிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கப் போகிறாளாம். பெரிய அடுப்பும் சிலிண்டரும் வேண்டுமாம்.

எனக்கு நாம் இருவரும் வங்கிக்குப் போன நாள்தான் ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நல்ல சேலை உடுத்துப் போனோம். பிணைக்கு அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். படியிறங்கும்போது நீங்கள், "கவுண்மேந்துக்காரர் ரெண்டு பேரைத் தெரிஞ்சிருந்தா நான் ஏனடி சல்லிக் கடற்கரையில கருவாடு காயப்போடுறன்?" என்றீர்கள். பஸ் வரும்வரை சிரித்தோம். வேறென்ன செய்வது?

அதன் பிறகுதான் அந்தக் கடன் கம்பெனித் தம்பி நம் படலைக்கே வந்தான். உத்தியோகத்தர் வேண்டாம், காணி உறுதியும் வேண்டாம், ஐந்து பெண்கள் சேர்ந்தால் போதும், ஆளுக்கு ஆள் பிணை என்றான். தோப்பூர்ப் பக்கத்து வயலில் பிறந்த உங்களுக்கு அந்தச் சொல் வேறாகக் கேட்டது. "பிணையல் மாடு மாதிரியோ, தம்பி?" என்றீர்கள். அவன் விழித்தான். களத்தில் நெற்சூடு மிதிக்கக் கழுத்தோடு கழுத்தாகக் கட்டிய மாடுகள், ஒன்று நின்றாலும் மற்றவை நடக்க ஏலாது என்று விளக்கினீர்கள். அவனும் சிரித்துக்கொண்டு பேனையை நீட்டினான். முதல் கையெழுத்து உங்களுடையது. சும்மா சொல்லக்கூடாது, அன்று நமக்குச் சந்தோசம். சப்பாத்துப் போட்ட ஒருவன் நம்மை நம்பியது அதுதான் முதல் தடவை.

ஒரு பருவம் மீன் படவில்லை. முதல் கடனைக் கட்ட இரண்டாவது எடுத்தோம். செவ்வாய்க்கிழமைகளில் தம்பி தவணை வாங்க என் விறாந்தைக்கு வருவான். ஒருத்தி கட்டாவிட்டால் ஒருவரும் எழும்ப முடியாது. அடுப்பில் சோறு கரிந்தாலும் இருக்க வேண்டும். "எனக்கும் மேல பதில் சொல்லோணும் அக்கா" என்பான் அவன். அதுவும் உண்மைதான், பாவம்.

உங்கள் நெஞ்சு வருத்தத்துக்கான கிளினிக்கும் செவ்வாய்தான். "போங்கோ, நாங்கள் சமாளிப்பம்" என்று எத்தனை தரம் கத்தினேன்! "நான் வராட்டி உங்களை எழும்ப விடமாட்டான் பிள்ளை" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்தீர்கள்.

உங்கள் செத்த வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு அவன் என் காதருகில், "அக்காவின்ர கடன் தள்ளுபடி" என்றான். நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னான். ஐந்து பேரில் வெளியே போனது நீங்கள் மட்டும். எனக்கு உங்கள்மேல் பொறாமை வந்தது. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

ஆசுபத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "என்ர பிள்ளையை இதுக்குள்ள விட்டிடாதை" என்றீர்கள். நானும் ஓம் என்றேன். அதை இன்று அவளிடம் சொன்னேன்.

"அப்ப வேற வழியைச் சொல்லுங்கோ சின்னம்மா" என்றாள். "பேங்கில இப்பவும் அதே ரெண்டு பேரைத்தான் கேக்கினம்."

ஐந்தாவது ஆள் சேராவிட்டால் எங்கள் நால்வருக்கும் புதுக் கடன் கிடையாது. புதியது கிடைக்காவிட்டால் பழையதைக் கட்ட ஏலாது. இன்று செவ்வாய் என்பதால் தவணை கட்ட வந்த மற்ற மூவரும் விறாந்தை ஓரத்தில் இருந்துகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலை மடித்தார்கள். நான் அவளுக்காக யோசிக்கிறேனா, எனக்காகவா என்று எனக்கே விளங்கவில்லை.

தம்பி வந்தான். அவளுடைய பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து கேட்டான்: "இவவுக்கு ஆர் பொறுப்பு?"

தாயில்லாத பிள்ளையைப் பற்றி ஊரில் ஒருவரும் இதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. நீங்கள் கேட்டிருந்தால் கட்டிப்பிடித்துச் சொல்லியிருப்பேன். கேட்டவன் அவன். நான் பேனையை வாங்கிக்கொண்டு, "நான்தான்" என்றேன்.