நெற்றியில் வைத்த ஐஸ்

நண்பா,

இன்று காலை கடைக்கு ஐஸ் பார் வந்து இறங்கியது. சாக்கில் சுற்றிக் கட்டையால் உடைக்கும்போது ஒரு துண்டு கையிலேயே நின்றுவிட்டது. உள்ளங்கை மரத்துப்போகும்வரை அதைக் கீழே போடத் தோன்றவில்லை. உன் நெற்றியின் சூடு ஞாபகம் வந்துவிட்டது.

கொரோனாவுக்காகப் பூட்டிக்கிடந்த உத்திரமேரூர் தியேட்டரைத் திறந்த முதல் வாரம் அது. ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள். மாசக்கணக்கில் படம் பார்க்காத நீ, மண்டியில் நெல் மூட்டை இறக்கிய கையோடு மேட்னிக்குக் கூப்பிட என் கூல்டிரிங்ஸ் கடைக்கு வந்தாய். கண் சிவந்திருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன். வெயில் சூடு என்றாய். நம்பிவிடுவது எனக்கும் வசதியாக இருந்தது. படம் பார்க்கும் வெறி எனக்கும்தானே.

டிக்கெட் கிழிக்கும் பெரியவர் வாசலில் நின்று ஒவ்வொரு நெற்றிக்கும் நேரே அந்த வெள்ளை மெஷினை நீட்டுவார். பச்சை எரிந்தால் உள்ளே, சிவப்பு எரிந்தால் வீட்டுக்கு. யோசனை என்னுடையதுதான். ஐஸ் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி உன் நெற்றியில் அழுத்திப் பிடித்தேன். நீ சிரித்தாய்.

"இன்னா பாய், எனக்கே ஐஸ் வெக்கிறியா?"

பச்சை எரிந்தது. பெரியவருக்கு உன்மேல் எப்போதும் பிரியம். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, உன் தோளில் கைபோட்டு, பார்த்து எத்தனை நாளாச்சு என்று பேசிக்கொண்டே இருந்தார். நீ இருமலை அடக்கிக்கொண்டு நின்றாய். உள்ளே விசில் சத்தம் எழுந்தபோதெல்லாம் அதோடு சேர்த்து இருமினாய். ஒரு சீட் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்குப் பயம் வந்துவிட்டது. எழுந்து போகலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நீ திரும்பவில்லை. மூன்று வாரத்தில் பெரியவரும் போனார்.

உன் காரியம் முடிந்த அன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நெஜத்த சொல்லு பாய். படத்துக்குப் போசொல்ல அவருக்கு ஜொரம் இருந்துச்சா?"

"இல்ல தங்கச்சி. நல்லாத்தான் இருந்தான்."

அப்படியானால் தியேட்டர் வாசலில்தான் ஒட்டியிருக்க வேண்டும் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். மாஸ்க் இறக்கிப் பேசிய பெரியவரை ஊரே பார்த்திருந்தது. இன்றைக்கும் அவருடைய மனைவி எதிரே வந்தால் உன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறாள். அந்தம்மாவும் தன் புருஷன்தான் உன்னைக் கொன்றார் என்று நம்பிவிட்டது.

போன வாரம் அந்தம்மா கடைக்கு வந்து தலைகுனிந்து நின்றது. "எங்க வூட்டுக்காரரால ஒரு குடும்பமே போச்சு பாய். அவளாண்ட எனக்காவ நீதான் மன்னிப்பு கேக்கணும்."

சரிம்மா, கேட்கிறேன் என்றேன். யார் யாரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆறு நாளாக அதைச் சுமந்துகொண்டு உன் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன்.