பயமுறுத்தாமல் பேசுவது எப்படி

தண்டையார்பேட்டை
22 ஜூன் 2025

அன்புள்ள சாராவுக்கு,

உமைமா எழுதுகிறேன். பக்ரீத் பிரியாணியை ராயபுரத்தில் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நீதான் வரவில்லை. அடையாறு போனதும் இந்தப் பக்கத்துக்கு வழியே மறந்துவிட்டது போல.

எங்களைப் போலப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று உன் தொண்டு நிறுவனத்துக்காகக் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். காகிதப் பை செய்ய இனி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். விதைப்பந்தும் போதும்.

போன ஞாயிறு, நாம் இரண்டு பேரும் தொடங்கிய அதே வகுப்பு. முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைகளோடு ஆற்றோரம் நின்றிருந்தேன். தண்ணீருக்கடியில் கம்பெனிச் சாம்பல் கூழ் மாதிரி படிந்திருந்தது. மீன் விற்கும் யசோதராவின் மகள் கேட்டாள்: “அக்கா, இந்த ஆத்து நண்டத்தான் எங்கம்மா விக்குது. துன்னலாமா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் போய்த் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மறுநாள் யசோதராவிடம் ஒருத்தரும் நண்டு வாங்கவில்லை. அவள் கூடையோடு வந்து அத்தனையையும் என் வீட்டு வாசலில் கொட்டினாள்.

“நீ பாடம் நடத்திட்டு பூட்ட. எம் பொழப்புக்கு இன்னா வழி?”

கொட்டியதைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக் கொடுத்தேன்.

இதற்குத்தான் பயிற்சி வேண்டும் சாரா. பொய்யும் சொல்லாமல், அடுத்தவர் பிழைப்பையும் கெடுக்காமல் எப்படிப் பேசுவது? காற்றில் நெடி ஏறிப் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் முதலில் என்ன செய்வது? எதைச் சொன்னால் எங்கள் மேல் கேஸ் போடுவார்கள்? ஒரு டாக்டர், ஒரு வக்கீல், மீன் விற்கும் பெண்கள், நாங்கள். எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினால் போதும்.

உன்
உமைமா


அடையாறு
6 ஜூலை 2025

மரியே வாழ்க.

என் உமைமாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் கூட்டத்தில் அப்படியே படித்துக் காட்டினேன். நீ கேட்ட மாதிரியே ஆகஸ்டில் பயிற்சி வைக்கிறோம், மகாபலிபுரம் போகும் வழியில் ஒரு ரிசார்ட்டில். டாக்டர் வருகிறார். யசோதராவையும் கையோடு கூட்டி வா, மேடையில் அவளும் பேசட்டும்.

பெருநாளுக்கு வராதது தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. நீ அம்மாவைப் போய்ப் பார்த்துக்கொள்வதால்தான் நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன்.

உன்
சாரா


தண்டையார்பேட்டை
18 ஆகஸ்ட் 2025

சாரா,

வீட்டுக்கு வந்ததும் குளித்தேன். இன்னும் உடம்பெல்லாம் பிசுபிசுவென்றுதான் இருக்கிறது.

யசோதராவை எவ்வளவு கெஞ்சிக் கூட்டி வந்தேன் தெரியுமா? அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு, கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் வரவில்லை. அவர் இடத்தில், ஆற்றில் சாம்பல் கொட்டும் கம்பெனியின் அதிகாரி மைக் பிடித்தார். தலைப்பு: ‘பயமுறுத்தாமல் பேசுவது எப்படி’. திரையில் என் கதை. பெயர் மட்டும் இல்லை. ‘ஆதாரமில்லாத பயத்தைப் பிள்ளைகள் மனதில் விதைத்து, ஒரு மீனவப் பெண்ணின் வாழ்வைக் கெடுத்த ஆசிரியை.’ உன்னை நம்பி உனக்கு எழுதியது அது. அந்த மீனவப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். மேடைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

மதியச் சாப்பாட்டில் நண்டு வைத்தார்கள். யசோதரா நேராக அந்த அதிகாரியிடமே போய் நின்றாள்.

“இது எந்த ஆத்து நண்டு சார்?”

“பயப்படாதம்மா, உங்க ஊருது இல்ல. வெளியூர்லேர்ந்து வரவழைச்சது” என்று சொல்லிச் சிரித்தார்.

காலையெல்லாம் ஆறு சுத்தம் என்று பேசிய வாய். அவர் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. அப்படிப்பட்டவர்களை இங்கே தினமும் பார்க்கிறேன். தட்டோடு பக்கத்தில் நின்ற நீயும் சிரித்தாய்.

யசோதரா சாப்பாட்டைத் தொடாமல் வைத்துவிட்டாள். “கலீஜ் ஆத்துல மட்டுமா கீது? வா, போலாம்” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் வாந்தி எடுத்தேன்.

உமைமா


அடையாறு
24 ஆகஸ்ட் 2025

உமைமா,

உன் கோபம் நியாயம்தான். பயிற்சிக்குப் பணம் கொடுக்கும் அந்தக் கம்பெனிக்காரர்கள் கடைசி நேரத்தில் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் மறுத்திருந்தால் பயிற்சியே நடந்திருக்காது. திரையில் போட்டதை முந்தின நாள்தான் பார்த்தேன். பெயர் இல்லையே என்று விட்டுவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு என்ன சொல்ல? மேலே இருப்பவர்கள் சிரித்தால் எனக்கும் வந்துவிடுகிறது. பழக்கம்.

அடுத்த பயிற்சிக்கு நீயே பயிற்றுநராக வா. நல்ல சம்பளம் தருவார்கள். உள்ளே வந்தால்தானே எதையாவது மாற்ற முடியும்? தயவுசெய்து போனை எடு.

என்றும் உன்
சாரா


தண்டையார்பேட்டை
12 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய சாரா அவர்களுக்கு,

தங்கள் அழைப்புக்கு நன்றி. பயிற்றுநராக வர எனக்கு விருப்பமில்லை.

நாங்கள் கேட்ட பயிற்சி போன ஞாயிறு முகத்துவாரக்குப்பத்தில், வலை பழுது பார்க்கும் கொட்டகையில் நடந்தது. மெஹ்னாஸ் என்ற நர்ஸும் வேதமாணிக்கம் என்ற வக்கீலும் வந்திருந்தார்கள். மூச்சு வாங்கும் பிள்ளையை எப்படி உட்காரவைப்பது என்று நர்ஸ் செய்து காட்டினார். நண்டைப் பற்றிக் கேட்டோம். சோதித்துப் பார்க்காமல் தன்னாலும் சொல்ல முடியாது என்றார். அதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சோதனைக்கு யசோதராவே நண்டு பிடித்துக் கொடுத்திருக்கிறாள். முடிவு வரும்வரை காசிமேட்டுத் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கிறாள். லாபம் குறைவு. பிழைப்பு கெட்ட கோபம் போகவில்லை, என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மகளை மட்டும் வகுப்புக்கு அனுப்புகிறாள்.

தங்கள் அம்மாவை எப்போதும் போலப் போய்ப் பார்க்கிறேன். அவரிடம் எதையும் சொல்லவில்லை.

‘தாங்கள்’ என்று எழுதக் கை கூசுகிறது. ‘நீ’ என்று எழுத அதைவிடக் கூசுகிறது.

இப்படிக்கு,
உமைமா